பூஜ்யத்துக்கும் கீழே நூறு கூப்பிடுதூரம்

சாவடி நாடு என்று ஒரு நாடு உண்டு. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த நாட்டுக்காரர்களிடமே கேட்டுப் பார்த்தாயிற்று. ஆளுக்கொரு திசையில் கையை நீட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கை நீட்டுவதுதான் அங்கே அரசாங்கம்.

அந்த நாட்டில் ஊருக்கும் ஊருக்கும் நேர் பாதை கிடையாது. எந்தப் பாதையும் ஏதாவது ஒரு சந்தியில் போய் முட்டும். சந்திக்கு ஒரு சாவடி, சாவடிக்கு ஒரு சாவடிக்காரர். வண்டிக்காரன் வந்து, போகவேண்டிய ஊரின் பெயரைச் சொல்வான். சாவடிக்காரர் கையை நீட்டுவார். நீட்டிய பக்கம் மாட்டைத் திருப்புவான். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கமே இல்லை. வழி தெரிந்த வண்டிக்காரனும் கை நீட்டாத பக்கம் போகமாட்டான். அது மரியாதைக் குறைவு.

ஆதியில் சாவடிக்காரர்கள் கல்லைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்று பழைய மன்னர் ஒருவர் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கல் நல்ல கல்தான். ஆனால் ஆற்றுக்குப் படிக்கத் தெரியாதே! ஒரு வெள்ளத்தில் கிழக்குப் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. கல்லோ கிழக்குப் பாலத்து வழியாகத்தான் போகவேண்டும் என்றது. வண்டிகள் வரிசையாகப் போய் ஆற்றில் இறங்கின. அரசு சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரையில் ஒரு கொட்டகை போட்டு, நனைந்த மாடுகளைத் துவட்டிவிட ஓர் அலுவலரையும் அவருக்கு ஒரு துண்டையும் நியமித்தது.

அப்புறம் யாருக்கோ நல்ல புத்தி வந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் சிலை வைத்து, வண்டிகளை அதைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார்கள். கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சாவடிக்கு ஒரு முரசு கொடுத்தார்கள். பொழுது விடிந்ததும் ஒவ்வொரு சாவடிக்காரரும் ‘இருக்கிறேன்’ என்று தட்டவேண்டும். பக்கத்துச் சாவடிக்காரர் ‘நானும் இருக்கிறேன்’ என்று திருப்பித் தட்டுவார். இருவரும் உயிரோடு இருப்பது உறுதியான பிறகு, என் வழியாகப் போனால் இன்ன ஊர் இத்தனை கூப்பிடுதூரம் என்று முரசிலேயே சொல்லவேண்டும். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் காது கேட்கிற தொலைவுதான் ஒரு கூப்பிடுதூரம். கேட்டவர், தன் சாவடியிலிருந்து அந்தச் சாவடி வரைக்கும் உள்ள தூரத்தை அதோடு கூட்டிக்கொள்வார். ஒரே ஊரை இரண்டு பேர் சொன்னால் எது குறைவோ அந்தப் பக்கம் கை. கூட்டிய கணக்கை அவர் அடுத்தவருக்குத் தட்டுவார். இப்படியே சாவடி சாவடியாகப் பரவி, பழையது சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்று நாடு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு சாவடியின் முரசு தொடர்ந்து மூன்று காலை கேட்கவில்லையென்றால் அந்தச் சாவடிக்காரர் இறந்துவிட்டார் என்று பொருள். மற்றவர்கள் தலைமுழுகிவிட்டு, அவர் வழியாகப் போன பாதைகளை மறந்து, வேறு பக்கம் கை நீட்டுவார்கள். ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்துவிட்டு நாலாம் நாள் எழுந்து வந்தபோது, அவர் மனைவியே “நீங்க போய்ட்டீங்களே” என்று வருத்தத்தோடு தெரிவித்தாள். அவரும் வாதாடவில்லை. முரசு சொன்னால் சொன்னதுதான்.

ஏனென்றால் சாவடி நாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பக்கத்துச் சாவடியின் முரசு சொன்னதைச் சரிபார்க்கக் கூடாது. அது விருந்துக்குப் போன வீட்டில் இலையில் விழுந்த சோற்றை முகர்ந்து பார்ப்பது மாதிரி. கேட்கலாம், கூட்டலாம், அடுத்தவருக்குத் தட்டலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் தலைமுறைப் பகை.

ஆனாலும் அந்த நாட்களைச் சொல்லி மாளாது. தக்காளி தக்காளியாகவே வந்து சேர்ந்தது. மழையில் ஒரு பாதை சேறானால் மறுநாள் காலையே கைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. மாடு துவட்டும் அலுவலர் வேலையில்லாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய்வந்தார்.

அந்த முரசுகளால் ஒரு காதலும் விளைந்தது. ஆற்றின் இக்கரையில் புன்னைக்கரைச் சாவடி. அப்பா காலமான பிறகு அங்கே முரசு தட்டியவள் வடிவாம்பாள். அக்கரையில் கீரைமங்கலம், சாவடிக்காரர் தணிகாசலம். நடுவில் படகுத்துறை. தூரம், கணக்காக ஒரே ஒரு கூப்பிடுதூரம். காலையில் ‘இருக்கிறேன்’ என்று தட்டிவிட்டு, விதியில் இல்லாத ஒரு தட்டை மெதுவாகச் சேர்த்துத் தட்டினார் தணிகாசலம். மறுநாள் வடிவாம்பாளும் ஒன்று சேர்த்தாள். அப்புறம் இரண்டானது, மூன்றானது. ஒருநாள் காலை இரண்டு பேரும் தட்டிய தட்டில், மதுரவாடி என்ற ஊர் இருக்கும் திசையையே அன்று யாருக்கும் சொல்லமுடியாமல் போயிற்று. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் பரிசத்துக்கு நாள் பார்த்தார்கள். தணிகாசலத்தின் தாய்மாமன் கோதண்டம் படகில் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, சம்பந்தத்தைப் பேசி முடித்துவிட்டுப் போனார்.

புன்னைக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே மாப்பிள்ளைக்கு மூன்று தடவை பந்தல் போட்டு, மூன்று தடவையும் மாப்பிள்ளை வராமல் பந்தலைப் பிரித்தால், அந்தச் சம்பந்தத்தை மறந்துவிட வேண்டும். மூங்கிலுக்கும் மானம் உண்டு என்பது அவர்கள் கட்சி. ஆற்றைத் தாண்டினால் மாப்பிள்ளை வீடு. இதெல்லாம் எதற்கு நடக்கப்போகிறது என்று அன்றைக்கு யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் தலைநகரில் பெரிய கவலை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அரசுக்கு என்ன வேலை? ஆலோசித்துவிட்டு, இத்தனை முரசுகள் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வது ஒருமைப்பாட்டுக்கு உகந்ததல்ல, நாட்டுக்கு ஒரு தலைமுரசர் வேண்டும் என்று அறிவித்தார்கள். தேர்தல் நடந்தது. நியாயமான தேர்தல்தான். ஒவ்வொரு சாவடிக்காரருக்கும் ஒரு மதிப்பெண் தரப்பட்டது. யாருக்கு அதிகமோ அவர் வென்றவர். மதிப்பெண்களைப் போடும் பொறுப்பைத் தலைநகரச் சாவடிக்காரரான கனகசபேசர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். தனக்கு உச்ச எண்ணையும் மற்றவர்களுக்குப் பூஜ்யத்தையும் போட்டார். பூஜ்யம் வாங்கியவர் போட்டியிட முடியாது, ஆனால் வாழ்த்தலாம். நாடே வாழ்த்தியது.

தேர்தல் விதியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று: தலைமுரசர் ஒருமுறை அமர்ந்துவிட்டால், பிற்பாடு அவரைவிடத் தகுதியானவர் வந்தாலும், அவருடைய முரசு ஓயும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டு: எங்கே வண்டிகள் போய்ச் சேருகின்றனவோ அதுவே தலைநகரம், அங்கே முரசு தட்டுபவரே தலைமுரசர். முதல் வரிக்காகக் கனகசபேசர் தன் முரசை வாய்க்கால் சக்கரத்தோடு கட்டினார். தண்ணீர் ஓடும்வரை அது ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வரியை அவர் அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை போலிருக்கிறது.

வழித்துறைக்கு அமைச்சராக வந்தவர் பராங்குசனார். குரல் கணீரென்று இருக்கும். பேசி முடித்த பிறகும் சிறிது நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பார். பதவியேற்ற கையோடு அவர் ஓர் அநியாயத்தைக் கண்டுபிடித்தார். காலை முரசுகளில் தலைநகரம் நாற்பது கூப்பிடுதூரம், எழுபது கூப்பிடுதூரம் என்று வாய்கூசாமல் சொல்கிறார்கள்! மக்களுக்கும் தலைவருக்கும் நடுவே எழுபது கூப்பிடுதூரமா? உடனே ஆணை பிறந்தது. எந்தச் சாவடியிலிருந்தும் தலைநகருக்குத் தூரம் பூஜ்யம். தலைநகரிலிருந்து எந்த ஊருக்கும் தூரம் பூஜ்யம். இதற்கு மாறாகக் கை நீட்டும் சாவடிக்காரரின் முரசு பறிமுதல் செய்யப்படும்.

முரசு போனால் மூன்றாம் காலையில் ஆள் இறந்தவர். எனவே ஆணை அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது.

சாவடிக்காரர்கள் கூட்டிப் பார்த்தார்கள். பூஜ்யமும் பூஜ்யமும் பூஜ்யம். அடுத்த தெருவில் இருக்கும் ஊர்கூட ஒரு கூப்பிடுதூரமாவது வருகிறது. பூஜ்யம் அதைவிடக் குறைவு. எல்லாக் கைகளும் தலைநகரின் பக்கம் திரும்பின. உப்பு வண்டி, வைக்கோல் வண்டி, மருத்துவச்சியை ஏற்றிய வண்டி, மாமியார் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு புறப்பட்ட வண்டி என்று எல்லாமே தலைநகர் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து போகவேண்டிய ஊருக்கு வழி கேட்டால், தலைநகரச் சாவடியில் இருந்தவர் தன் காலடியைக் காட்டினார். தூரம் பூஜ்யம் என்றால் வந்துவிட்டதாகத்தானே அர்த்தம்! வண்டிகள் மாளிகை முற்றத்தில் தேங்கி நின்றன. மேல்மாடத்திலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்த கனகசபேசர், என்மேல் இவ்வளவு அன்பா என்று நெகிழ்ந்து அழுததாகச் சொல்கிறார்கள்.

அந்த வாரத்தில்தான் வடிவாம்பாளுக்கு முதல் பந்தல்.

கீரைமங்கலத்தில் மாப்பிள்ளை வண்டி மேளதாளத்தோடு சாவடிக்கு வந்து நின்றது. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் தணிகாசலமே சாவடியில் ஏறி, தன் கல்யாண வண்டிக்குத் தானே கை நீட்டவேண்டியிருந்தது. பக்கத்தில் கை ஆய்வாளர் நின்றார். ஆணை வந்ததிலிருந்து சாவடிக்கு ஒரு கை ஆய்வாளர். எதிரே ஆறு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் வாழைமரம் கட்டிய பந்தல், பந்தலில் பட்டுப்புடவையோடு பெண். தணிகாசலம் பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, தலைநகரின் பக்கம் கையை நீட்டினார். வண்டி போயிற்று. பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். முகூர்த்தம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தின் சுவரேறிக் குதித்து, காட்டு வழியாக, சொல்லவே கூசுகிற விதத்தில் ஊர் திரும்பினார்கள். அக்கரையில் முரசு மறுபடி கேட்டபோது வடிவாம்பாளுக்குப் போன உயிர் வந்தது. மூன்றாவது காலை அது.

முற்றத்தில் இடம் போதாமல் போனதும் அடுத்த ஆணை வந்தது. ஓயாமல் சுற்றுவது சமூகத்துக்கு நல்லதல்ல என்பதால், ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஆயுள்கோல். சாவடிக்குச் சாவடி அதை ஒரு விரற்கடை வெட்டுவார்கள். கோல் தீர்ந்த இடத்தில் வண்டிக்கு ஆயுள் முடிந்தது. அங்கேயே பிரித்து, சரக்கை அரசு எடுத்துக்கொள்ளும். தேக்கம் உடனே குறைந்தது. அமைச்சர் இதைப் பெரிய வெற்றி என்றார். வண்டிகள் வந்து சேராவிட்டால் தேங்கவும் செய்யாது அல்லவா?

இரண்டாவது பந்தலுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை வண்டி பாதி வழியில் ஆயுள் முடிந்து பிரிக்கப்பட்டது. சக்கரங்கள் அரசுக்குப் போயின. சீர்வரிசைப் பலகாரத்தை அலுவலர்கள் அங்கேயே பரிசோதித்து முடித்தார்கள். கோதண்டம் மாமா தான் வண்டியின் பாகம் இல்லை என்று நிரூபிக்கப் பெரும்பாடு பட்டார். புன்னைக்கரையில் இரண்டாவது முறையாக மூங்கில்களைப் பிடுங்கிச் சார்த்தினார்கள். வடிவாம்பாள் அன்றைக்கு முரசின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அவர்தான் வேண்டும். வேறு யாரும் வேண்டாம். இன்னும் ஒரே ஒரு பந்தல்தான் பாக்கி.

மூன்றாவது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பராங்குசனார் கரையோரச் சாவடிகளைப் பார்வையிட வந்தார். குடை ஒருவர், விசிறி ஒருவர், ஆமாம் சொல்ல ஒருவர் என்று கூடவே பரிவாரம். வடிவாம்பாள் இளநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் அக்கரையைக் காட்டினாள்.

“ஐயா, அந்தா தெரியுது பாருங்க, அதான் அவங்க வீடு. கொடியில காயுற வேட்டிகூடத் தெரியுது. ஒரு நாள், ஒரே ஒரு வண்டி, இந்தத் துறை வழியா வர உத்தரவு குடுங்க ஐயா.”

பராங்குசனார் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். வேட்டி நன்றாகவே தெரிந்தது.

“அம்மணி, கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக ஓர் ஊரை அருகில் இருப்பதாக அரசு ஒப்புக்கொண்டுவிட முடியாது. நிலவும்தான் தெரிகிறது. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்று. உங்கள் துறை வழி ஒரு கூப்பிடுதூரம். தலைநகர் வழி பூஜ்யம். எது குறைவு?”

“பூஜ்யந்தான் ஐயா.”

“கணக்கு அப்படி இருக்க, நான் என்ன செய்ய முடியும்? பூஜ்யத்தைவிடக் குறைவான ஒரு வழியைக் காட்டுங்கள். இந்த நாட்டின் அத்தனை கைகளும் அந்தப் பக்கம் திரும்பும். நானே முன்னின்று திருப்புவேன்.”

பரிவாரம் சிரித்தது. அமைச்சரும் தன் நகைச்சுவையைத் தானே மெச்சித் தலையாட்டிக்கொண்டு வண்டியேறினார். வடிவாம்பாள் சிரிக்கவில்லை. கையில் காலி இளநீர்க் கூட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். ஆற்றில் வெள்ளம் வடிந்து, துறைப் படிகளில் தண்ணீர் தொட்ட கோட்டுக்கும் கீழே இன்னும் பல படிகள் தெரிந்தன.

மறுநாள் பொழுது விடிந்தது. மூன்றாவது பந்தல் தயாராக நின்றது. வடிவாம்பாள் கல்யாணப் புடவையோடு சாவடியில் ஏறி, ‘இருக்கிறேன்’ என்று தட்டினாள். அக்கரையிலிருந்து பதில் வந்தது. கூடவே அந்த மூன்று மெல்லிய தட்டுகளும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்ததைத் தட்டினாள்:

‘புன்னைக்கரை வழியாக, எல்லா ஊருக்கும், பூஜ்யத்துக்கும் கீழே நூறு கூப்பிடுதூரம்.’

கை ஆய்வாளர் காதைச் சொறிந்துகொண்டார். “அப்படின்னா என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டார். போய்ச் சேர்ந்த பிறகு புறப்பட்டால் போதும் என்று அர்த்தம் என்றாள் வடிவாம்பாள். அவர் யோசித்துப் பார்த்தார். தன் வேலை கையை மட்டும் ஆய்வது; முரசுக்கு வேறு துறை; அந்தத் துறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எனவே பேசாமல் இருந்துவிட்டார்.

அக்கரையில் தணிகாசலத்துக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது. ஆனால் பக்கத்துச் சாவடி சொன்னதைச் சந்தேகிக்கலாமா? கூட்டினார். ஒன்றைச் சேர்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே தொண்ணூற்றொன்பது. தன் ஆய்வாளரைப் பார்த்தார். அவரும் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்து, பூஜ்யத்தைவிடக் குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார். தணிகாசலத்தின் கை மெதுவாக ஆற்றின் பக்கம் திரும்பியது. திரும்பிய கையை இறக்கவே மனசில்லாமல் அப்படியே நீட்டிக்கொண்டு படகில் ஏறினார். கோதண்டம் மாமாதான் அதைப் பிடித்து மடக்கி உட்கார வைத்தார்.

மேளம் கொட்ட, வண்டியும் மாடும் மாமாவுமாகப் படகு இக்கரை வந்து சேர்ந்தது. வடிவாம்பாள் ஓடிப்போய்ப் படித்துறையில் நின்றாள். “வந்துட்டீங்களா?” என்றாள். “இவ்வளவு பக்கமா இருந்திருக்கே” என்றார் அவர். தாலி கட்டும்போது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் புரோகிதருக்கு மந்திரம் மறந்தது.

இலை போடும் நேரத்தில்தான் முதல் வண்டி வந்தது. எங்கோ போகவேண்டிய அரிசி வண்டி. அதன்பின்னால் வெல்லம், அதன்பின்னால் தேங்காய், அதன்பின்னால் ஒரு யானை. முரசு சாவடி சாவடியாகப் பரவிவிட்டது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு என்று கூட்டிக் கூட்டி, நாட்டின் அத்தனை கைகளும் புன்னைக்கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டன. மூன்று நாட்டியக் குழுக்கள் வந்தன. இரண்டு வேறு கல்யாண மாப்பிள்ளைகள் வந்து, பெண் எங்கே என்று தேடினார்கள். தலைநகர முற்றத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கும் இந்தப் பக்கம் கை காட்டப்பட்டதால் அவர்களும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். ஆயுள்கோல்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பூஜ்யத்துக்குக் கீழே போகிற வண்டியின் கோலை வெட்டுவதா ஒட்டுவதா என்று எந்த அலுவலருக்கும் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை, எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு கல்யாணம் அந்த நாட்டில் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

மாலையில் பராங்குசனாரின் வண்டியும் வந்தது. வீட்டுக்குப் போவதற்காகச் சாவடி சாவடியாக வழி கேட்டவரை எல்லோரும் இங்கேதான் அனுப்பியிருந்தார்கள். அவருக்குப் பின்னால், காற்று வாங்கப் புறப்பட்டுத் தன் மாளிகைக்கே திரும்பிப் போகமுடியாத தலைமுரசர் கனகசபேசரும் வந்து இறங்கினார். தலைநகரில் வாய்க்கால் சக்கரம் மட்டும் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று தட்டிக்கொண்டிருந்தது.

பராங்குசனார் புன்னைக்கரைச் சாவடியின் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வண்டிகளைப் பார்த்தார். அனுபவசாலி அல்லவா, அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வண்டிகள் போய்ச் சேருமிடமே தலைநகரம், அங்கே முரசு தட்டுபவரே தலைமுரசர் என்ற சட்டத்தைக் கணீரென்று சொல்லிவிட்டு, வடிவாம்பாளுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். கனகசபேசருக்குப் பந்தியின் கடைசியில் ஓர் இலை கிடைத்தது.

விருந்தும் சடங்கும் அடுத்த இரண்டு நாளும் நீண்டன. மூன்றாம் நாள் சாயங்காலம் தணிகாசலம் மனைவியிடம் வந்து, இரண்டு காலை ஆயிற்று, கீரைமங்கலத்து முரசைத் தட்ட ஆளில்லை, நாளைக் காலையும் தட்டாவிட்டால் நான் இறந்தவனாகிவிடுவேன், போய்த் தட்டிவிட்டுப் பொழுதோடு வந்துவிடுகிறேன் என்றார். சொன்னதோடு இன்னொன்றையும் மெதுவாகச் சேர்த்தார்.

“நம்ம காரியந்தான் முடிஞ்சுதே வடிவு. நாளைக்கு உண்மையான தூரத்தையே தட்டிடு. பாவம், எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போகட்டும்.”

வடிவாம்பாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். சத்தியமாக நினைத்திருந்தாள். ஆனால் சாவடி வாசலில் அரிசி மூட்டைகள் புன்னை மர உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. புன்னைக்கரைக் குழந்தைகள் வெல்லக் கட்டியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஊருக்கு இத்தனை வண்டி எப்போது வந்தது? மழைக்காலம் முடியும்வரை இருக்கட்டுமே, அப்புறம் நிறுத்திவிடலாம் என்றாள். தணிகாசலம் சரி என்று தலையாட்டிவிட்டு, அதுவரைக்கும் எனக்கு மட்டும் வழி காட்டு என்றார். கை நீட்டாமல் அவரும் போகமாட்டார். அந்த நாட்டு மனிதர்தானே.

அவள் கையைத் தூக்கினாள். அப்போது பக்கத்தில் நின்ற பராங்குசனார் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மணி, ஒரு விண்ணப்பம். ஆற்றின் பக்கம் ஒருவருக்குக் கை நீண்டால், முற்றத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள். இங்கிருந்து வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு இந்த அரிசி யாருக்கு?”

முற்றம் முழுக்க முகங்கள் திரும்பியிருந்தன. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. வடிவாம்பாள் கணவரைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள், அக்கரையைப் பார்த்தாள். அங்கே கொடியில் அந்த வேட்டி இன்னும் எடுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது உண்மைதான். கலங்கிய கண்ணோடு கையை மெல்ல இறக்கித் தன் காலடியைக் காட்டினாள்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க” என்றாள்.

தணிகாசலம் நடந்துபோய் வண்டிகளுக்கு நடுவே இடம் தேடி ஒரு நுகத்தடியின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு உப்பு வண்டிக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பழைய தலைநகரத்து முற்றத்திலேயே தாடி நரைத்துவிட்டவர். எந்த ஊர் என்று அவர் விசாரித்தார். தணிகாசலம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார்.

உப்பு வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆறுதலாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அட, பக்கந்தானே. அடுத்த ஆட்சியில போயிடலாம்.”